கிரிப்டோ நாணயம்: தடை எதைத் தடுக்கும்?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்குத் தினமும் பஸ்ஸில் போய் வருபவன் நான். காலையில் போகும்போது விடைத்தாள் திருத்துவேன். மாலையில் திரும்பும்போது மாணவர் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து விடுவார்கள். சில வாரங்களுக்கு முன் அப்படி வந்து உட்கார்ந்த மூன்றாமாண்டு மாணவன் ஒருவன், சற்றுத் தயங்கிவிட்டு, "சார், கிரிப்டோவ கவர்மெண்ட் தடை பண்ணிடுமா?" என்று கேட்டான்.

"ஏம்ப்பா, எதுக்குக் கேக்கற?"

"கொஞ்சம் வாங்கி வச்சிருக்கேன் சார். தடை பண்ணிட்டா பணம் போயிடுமா?"

கொஞ்சம் என்று அவன் சொன்னது 8,000 ரூபாய். மாலை வேளைகளில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணம்.

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. "அரசாங்கம் ஒரு சட்டம் போட்டால் போதும், கிரிப்டோ ஒழிந்துவிடும்" என்பது ஒன்று. "இது கணிதம். கணிதத்தை எந்த அரசாங்கத்தாலும் தடை செய்ய முடியாது" என்பது மற்றொன்று. முதல் பதிலைச் சொல்பவர்கள் கம்ப்யூட்டரைப் புரிந்துகொள்ளவில்லை. இரண்டாவது பதிலைச் சொல்பவர்கள் மனிதர்களைப் புரிந்துகொள்ளவில்லை. இரண்டு பதில்களுமே அந்த மாணவனின் 8,000 ரூபாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனவே இந்த விஷயத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

எண்களால் ஆன நாணயம்

பிட்காயின் என்பது கிரிப்டோ நாணயங்களில் முதலாவது. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ 2008 அக்டோபர் 31 அன்று அதற்கான திட்டத்தை வெளியிட்டார்கள். 2009 ஜனவரி 3 அன்று அது இயங்கத் தொடங்கியது. அதைப் பணம் என்று நினைப்பதைவிட, ஒரு பெரிய பேரேடு என்று நினைத்துக்கொள்வது நல்லது. மளிகைக் கடைக்காரர் வைத்திருக்கும் பற்று வரவு நோட்டைப் போன்றதே இதுவும். ஆனால் இந்த நோட்டு ஒருவரிடம் மட்டும் இல்லை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரியான பிரதி இருக்கிறது. ஒரு பிரதியில் யாராவது திருத்தினால் மற்றவை அதை ஏற்காது.

இந்த நோட்டில் புதிய பக்கத்தை எழுதுவது யார்? இங்கேதான் கணிதம் வருகிறது. எந்த எழுத்துக் கோவையைக் கொடுத்தாலும் அதை அரைத்து ஒரு நீண்ட எண்ணாக்கித் தரும் ஒரு விதி உண்டு. மாவு மிஷினைப் போன்றது. அதே அரிசியை மறுபடி போட்டால் அதே மாவு வரும். மாவிலிருந்து அரிசியைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் நம் ஊர் மிஷினுக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை. ஓர் எழுத்தை மாற்றினாலும் வெளிவரும் எண் அடியோடு மாறிவிடும். எப்படி மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

புதிய பக்கம் எழுத விரும்புகிறவர், அந்தப் பக்கத்தோடு ஏதாவது ஒரு எண்ணைச் சேர்த்து மிஷினில் போட வேண்டும். வெளிவரும் எண், குறிப்பிட்ட அளவு பூஜ்யங்களுடன் தொடங்க வேண்டும். மூன்று பூஜ்யங்கள் வேண்டுமென்றால் சராசரியாக 1,000 தடவை முயல வேண்டும். நான்கு என்றால் 10,000 தடவை. ஒவ்வொரு பூஜ்யத்திற்கும் உழைப்பு பத்து மடங்காகிறது. ஆனால் விடையைச் சரிபார்க்க ஒரே ஒரு தடவை அரைத்தால் போதும். முதலில் விடை கண்டவருக்குப் புதிய பிட்காயின்கள் கூலியாகக் கிடைக்கும். 2009-ல் ஒரு பக்கத்திற்கு 50 என்றிருந்த இந்தக் கூலி, சுமார் நான்காண்டுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் பிட்காயின் உண்டாகாது. இந்த வேலைக்கு மைனிங், அதாவது சுரங்கம் தோண்டுதல், என்று பெயர் வைத்தார்கள்.

ஆகவே இந்த ஏற்பாட்டில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. முதலாவது, எண். நம் நாணயத்துக்கு நாம்தான் சொந்தக்காரர் என்று காட்டும் ரகசிய எண் அது. இரண்டாவது, இயந்திரம். பக்கம் எழுதும் கம்ப்யூட்டர். மூன்றாவது, வாசல். ரூபாயைக் கொடுத்துப் பிட்காயின் வாங்கும், பிட்காயினைக் கொடுத்து ரூபாய் பெறும் இடம். எக்ஸ்சேஞ்சுகளும் வங்கிகளும் இந்த வாசலில் நிற்கின்றன. ஓர் அரசாங்கம் தடை போடும்போது இந்த மூன்றில் எதைத் தடுக்கிறது என்று கேட்டுக்கொண்டால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

சீனா செய்த பரிசோதனை

இயந்திரத்தைத் தடுத்தால் என்ன நடக்கும் என்பதைச் சீனா நமக்குக் காட்டியது. 2013 டிசம்பரில் அது தன் வங்கிகளைப் பிட்காயினிலிருந்து விலக்கியது. 2017 செப்டம்பரில் எக்ஸ்சேஞ்சுகளை மூடியது. ஆனாலும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கணக்குப்படி 2019 செப்டம்பரில் உலகின் பிட்காயின் கணக்கீட்டுத் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு சீனாவில் இருந்தது. 2021 மே மாதம் அரசாங்கம் இயந்திரங்கள் மீதே கை வைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று கிரிப்டோ வர்த்தகம் முழுவதையுமே சட்டவிரோதம் என்று அறிவித்தது.

இவ்வளவு பெரிய அடி விழுந்தும் அந்தப் பேரேடு நிற்கவில்லை. காரணம், அதற்குள் ஒரு தன்னியக்கக் கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்பது கணக்கு. 2,016 பக்கங்களுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 14 நாட்களுக்கு ஒருமுறை, பேரேடு தன் வேகத்தைத் தானே சோதித்துக்கொள்கிறது. வேகம் கூடியிருந்தால் கணக்கைக் கடினமாக்குகிறது, குறைந்திருந்தால் எளிதாக்குகிறது. சீன இயந்திரங்கள் நின்றதும் பக்கங்கள் மெதுவாகின. 2021 ஜூலை 3 அன்று கடினத்தன்மை சுமார் 28 சதவீதம் குறைந்தது. அதன் வரலாற்றிலேயே மிகப் பெரிய இறக்கம் அதுதான்.

மாணவர்கள் இதிலிருந்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடினத்தன்மை 0.72 மடங்காகக் குறைந்தது என்றால், 14 நாளில் முடிய வேண்டிய 2,016 பக்கங்களுக்கு 14 ÷ 0.72 = 19.4 நாட்கள் பிடித்திருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்றிருந்தது ஏறக்குறைய 14 நிமிடம் ஆகியிருக்கிறது. உலகின் மிகப் பெரிய மைனிங் நாடு ஒரே மாதத்தில் வெளியேறியபோது, உலகத்துக்கு ஏற்பட்ட சங்கடம் பக்கத்துக்கு நான்கு நிமிடத் தாமதம்!

இயந்திரங்கள் அமெரிக்காவுக்கும் கஜகஸ்தானுக்கும் பிற நாடுகளுக்கும் கப்பலேறின. ஆண்டு முடிவதற்குள் மொத்தத் திறன் பழைய நிலையை எட்டிவிட்டது. இன்னொன்றும் நடந்தது. கேம்பிரிட்ஜ் கணக்கில் 2021 ஜூலையில் பூஜ்யமாகிவிட்ட சீனாவின் பங்கு, செப்டம்பரில் மறுபடி 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இயந்திரங்களில் ஒரு பகுதி ஒளிந்துகொண்டு ஓடின என்பதே இதன் பொருள். முழுத் தடை அறிவித்த ஏழு வாரங்களுக்குள் பிட்காயினின் விலை 68,000 டாலரைத் தாண்டி அதுவரை காணாத உச்சத்துக்குப் போயிற்று.

அப்படியானால் தடை வீண்தானா?

இந்த இடத்தில் கிரிப்டோ ஆதரவாளர்கள் கைதட்டுவார்கள். "பார்த்தீர்களா, தடை செய்ய முடியாது!" என்பார்கள். அவசரப்படக் கூடாது. சீனாவின் தடை பிட்காயினை ஒழிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் சாதாரணச் சீனக் குடிமகன் தன் சம்பளத்தைக் கொண்டு எளிதில் பிட்காயின் வாங்க முடியாமற் போனதும் உண்மை. பேரேட்டுக்கு நாடு இல்லை. ஆனால் பேரேட்டை நம்பிப் பணம் போடுகிறவனுக்கு நாடு உண்டு. அவன் அரிசி வாங்குவது ரூபாயில்; வீட்டு வாடகை கொடுப்பது ரூபாயில். ஆகவே வாசலைப் பூட்டினால் அவன் நிச்சயம் பாதிக்கப்படுகிறான்.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி பூட்டியது இந்த வாசலைத்தான். 2018 ஏப்ரல் 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், வங்கிகள் கிரிப்டோ வர்த்தகம் செய்பவர்களுக்கு எந்தச் சேவையும் செய்யக் கூடாது என்றும், ஏற்கெனவே உள்ள தொடர்பை மூன்று மாதத்தில் முடித்துக்கொள்ள வேண்டும் என்றும் கட்டளையிட்டது. நாணயத்தை வைத்திருப்பது குற்றம் என்று அது சொல்லவில்லை. ஆயினும் அதன் அடி பலமானது. சில எக்ஸ்சேஞ்சுகள் கடையை மூடின. மற்றவை வங்கியைத் தொடாமல், வாங்குபவரும் விற்பவரும் நேருக்கு நேர் பணம் மாற்றிக்கொள்ளும் முறைக்குப் போயின.

2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வின் தீர்ப்பை எழுதியவர் மன்னார்குடியில் பிறந்து சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த வி. ராமசுப்பிரமணியன். இந்தத் தீர்ப்பைப் பலர் "கிரிப்டோவுக்கு வெற்றி" என்று எழுதினார்கள். அது சரியன்று. இதில் தலையிட ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் உண்டு என்றே தீர்ப்பு கூறுகிறது. ஆனால் தன் கட்டுப்பாட்டில் உள்ள எந்த நிறுவனத்துக்கும் கிரிப்டோவால் இன்ன தீங்கு நேர்ந்தது என்று வங்கி காட்டவில்லை. காட்டாத தீங்குக்கு இவ்வளவு கடுமையான மருந்து பொருந்தாது என்பதே வாதம். ஓர் ஆய்வுக்கூட மாணவனிடம் நாம் கேட்பதும் இதைத்தானே? "அளந்து பார்த்தாயா? அளவு எங்கே?"

எண்ணைத் தடை செய்ய வந்த மசோதா

மூன்றாவது பகுதியான எண்ணைத் தடை செய்ய யாராவது முயன்றார்களா? நம் நாட்டில் ஒரு மசோதா அதற்கு முயன்றது. பொருளாதார விவகாரத் துறைச் செயலாளராக இருந்த சுபாஷ் சந்திர கார்க் தலைமையில் 2017 நவம்பரில் அமைந்த குழுவின் அறிக்கை 2019 ஜூலையில் வெளியாயிற்று. அதனுடன் ஒரு வரைவு மசோதாவும் இருந்தது. கிரிப்டோ நாணயத்தை உண்டாக்குவது, விற்பது மட்டுமின்றி, வைத்திருப்பதையும் அது தடை செய்தது. தண்டனை பத்தாண்டு வரை சிறை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் 90 நாட்களில் அறிவித்து, கைகழுவிவிட வேண்டும்.

அந்தக் குழுவின் அச்சங்கள் பொய்யானவை அல்ல. மோசடித் திட்டங்கள், கறுப்புப் பணம், விலையின் தலைகால் தெரியாத ஏற்ற இறக்கம் ஆகியவை உண்மை. பாடம் நடத்தவும் ஆராய்ச்சி செய்யவும் அந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தலாம் என்று விலக்கு அளித்ததையும் பாராட்ட வேண்டும். ஆனால் மசோதாவில் இரண்டு குறைகள் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

முதற்குறை, அது நாணயத்தை ஒரு பொருளாக நினைத்தது. கஞ்சாவைப் போல, கள்ளச்சாராயத்தைப் போல, சோதனை போட்டுப் பிடிக்கலாம் என்று எண்ணியது. புதுச்சேரியிலிருந்து வரும் வண்டிகளைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவதை நம் மாவட்டத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாட்டில் இருந்தால் அகப்படும். ஆனால் ரகசிய எண்ணைப் பன்னிரண்டு சாதாரணச் சொற்களாக மாற்றி மனப்பாடம் செய்துகொள்ள முடியும். பன்னிரண்டு சொற்களை மனத்தில் வைத்திருப்பவனை எந்தச் சாவடியில் நிறுத்துவது? கெட்டிக்காரன் தப்பித்துக்கொள்வான், செல்போன் செயலியில் 8,000 ரூபாய்க்கு வாங்கி வைத்திருக்கும் மாணவன் அகப்படுவான்.

இரண்டாவது குறை, அந்த 90 நாள். நாட்டில் உள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க வேண்டும், ஒருவரும் வாங்கக் கூடாது என்றால் விலை என்ன ஆகும்? இதற்கு ஒரு முன்மாதிரியும் கிடைத்தது. 2019 மசோதா நாடாளுமன்றத்துக்கு வரவில்லை. 2021 நவம்பர் 23 அன்று, வரப்போகும் குளிர்காலக் கூட்டத்தின் பட்டியலில் கிரிப்டோவைத் தடை செய்யும் புதிய மசோதா ஒன்றின் பெயர் வெளியாயிற்று. பெயர் மட்டும்தான். அன்றிரவே இந்திய எக்ஸ்சேஞ்சுகளில் ரூபாய் விலை மளமளவென்று சரிந்தது. வெளிநாட்டுச் சந்தைகளில் அப்படி ஒன்றும் நேரவில்லை. அந்த இரவில் பயந்து விற்ற இந்தியர்கள் நஷ்டப்பட்டார்கள். அந்த மசோதாவும் நாடாளுமன்றத்தில் வைக்கப்படவே இல்லை.

நம் ஊர் அறிந்த பாடம்

தடையைப் பற்றி விழுப்புரத்துக்காரர்களுக்குச் சொந்த அனுபவமே உண்டு. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்டது. அந்தத் தடை பலனே தரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பஸ் நிலையத்திலும் கடைத்தெருவிலும் தோரணம் தோரணமாகத் தொங்கிய சீட்டுகள் மறைந்தன. கூலி வாங்கிய கையோடு சீட்டு வாங்கும் பழக்கம் பலருக்கு விட்டுப்போயிற்று. ஆனால் ஆசை முற்றிலும் மறையவில்லை. அது மூன்று நம்பர் லாட்டரியாக இடம் மாறியது. மூன்று இலக்க எண் ஒன்றின் மீது பணம் கட்ட வேண்டும். கடை இல்லை, அரசாங்கம் அச்சிட்ட சீட்டு இல்லை, ஏமாற்றினால் கேட்க நாதியில்லை. ஏஜெண்டின் வாய்ச்சொல் ஒன்றுதான் அத்தாட்சி.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு தொழிலாளியின் குடும்பத்தில் ஐந்து உயிர்கள் போயின. மூன்று பேர் குழந்தைகள். மூன்று நம்பர் லாட்டரியில் பணத்தை இழந்து கடனில் மூழ்கியதே காரணம் என்று தெரிய வந்தபோது ஊரே திகைத்து நின்றது. அதன் பிறகு கைதுகள் நடந்தன. தடை அப்போது அமலில் இருந்து பதினாறு ஆண்டுகள் முடிந்திருந்தன.

லாட்டரியைத் திறந்துவிட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தடைச் சட்டம் போட்ட நாளோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து என்பதற்காகச் சொல்கிறேன். பூட்டிய வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சந்து திறக்கும். சந்தில் நிற்பவன் யார் என்று பார்க்க வேண்டிய பொறுப்பு, வாசலைப் பூட்டியவருக்கு உண்டு.

நைஜீரியாவிலும் இதுதான் நடந்தது. 2021 பிப்ரவரியில் அந்நாட்டு மத்திய வங்கி, கிரிப்டோவுக்கு வங்கிச் சேவை கூடாது என்றது. மக்கள் ஒருவருக்கொருவர் நேரடியாக மாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். 2023 டிசம்பரில் மத்திய வங்கியே அந்தத் தடையை விலக்கிக்கொண்டு விதிமுறைகள் வகுத்தது. பொலிவியா 2014-ல் போட்ட தடையை 2024 ஜூனில் நீக்கியது.

வரி உண்டு, காவல் இல்லை

இன்று நம் நாட்டின் நிலை என்ன? தடையும் இல்லை, முழுமையான சட்டமும் இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் முன்கூட்டியே பிடித்தம். ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றில் வந்த லாபத்தில் கழித்துக்கொள்ள முடியாது. ஒருவர் ஒரு நாணயத்தில் 2,000 ரூபாய் லாபமும் மற்றொன்றில் 3,000 ரூபாய் நஷ்டமும் அடைந்தால், மொத்தத்தில் அவருக்கு 1,000 ரூபாய் நஷ்டம். ஆனாலும் அந்த 2,000-க்கு 600 ரூபாய் வரி உண்டு.

வரி வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சூதாட்டம் போன்ற ஒன்றுக்கு வரி கடுமையாக இருப்பதில் ஒரு நியாயமும் உண்டு. ஆனால் லாபத்தில் பங்கு கேட்கும் அரசாங்கம், நஷ்டத்தின்போது எங்கே நிற்கிறது? நாம் வங்கியில் போடும் பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. யு.பி.ஐ. மூலம் அனுப்புவதும் அதே வங்கிப் பணம்தான். "கிரிப்டோவும் ஜிபே மாதிரிதானே சார்" என்று மாணவர்கள் சொல்லும்போது எனக்குப் பகீரென்கிறது. கிரிப்டோவுக்கு அப்படி ஒரு காப்பு ஒரு ரூபாய்க்கும் கிடையாது.

2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. வாடிக்கையாளர்கள் தங்கள் நாணயங்களை எடுக்க முடியாமல் ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். களவு போகாத நாணயங்களின் சொந்தக்காரர்களும் நஷ்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற திட்டம் வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு முக்கியமானது. கிரிப்டோ நாணயம் கையில் தொட்டுப் பார்க்கும் பொருளும் அன்று, செலாவணியும் அன்று. ஆனால் அது ஒரு சொத்து. ஒருவருக்காக மற்றொருவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக் கூடிய சொத்து என்றார். சட்டசபைகள் எழுதாத விடையை ஒரு வழக்கில் நீதிமன்றம் எழுத வேண்டி வந்தது. ஆனால் இழந்த ஒவ்வொருவரும் உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியுமா?

தடை கேட்பவர்களின் நியாயம்

தடை வேண்டும் என்பவர்கள் எல்லோரும் அறியாதவர்கள் என்று எண்ணக் கூடாது. ரிசர்வ் வங்கியின் துணை கவர்னர் டி. ரபி சங்கர் 2022 பிப்ரவரியில் ஆற்றிய உரையில் தடையே உசிதம் என்று வாதித்தார். நிலத்தில் விளைச்சல் உண்டு, கம்பெனிப் பங்கில் லாபப் பங்கு உண்டு. கிரிப்டோவில் அடுத்தவன் அதிக விலை கொடுப்பான் என்ற எதிர்பார்ப்பைத் தவிர வேறு வருவாய் இல்லை. இந்த வாதத்துக்கு இதுவரை நல்ல பதில் எதையும் நான் கேட்டதில்லை.

மின்சாரக் கணக்கும் அவர்கள் பக்கமே. பிட்காயின் மைனிங் இயந்திரம் ஒன்று சுமார் 3 கிலோவாட் எடுக்கும். நாள் முழுதும் ஓடினால் 72 யூனிட். நம் இரண்டு மாத மின் கட்டண ரசீதில் அது 4,320 யூனிட்டாக வரும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 10,000 கோடி யூனிட்டுக்கு மேல் இதில் செலவாகிறது. அத்தனையும் கடைசியில் வெப்பமாகக் காற்றில் கலக்கிறது. இந்தச் செலவு தவிர்க்க முடியாதது என்றும் சொல்ல முடியாது. எதீரியம் என்ற நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று பக்கம் எழுதும் முறையையே மாற்றிக்கொண்டு தன் மின்செலவை 99 சதவீதத்துக்கும் மேல் குறைத்துவிட்டது. பிட்காயின் மாறவில்லை. மின்பற்றாக்குறை உள்ள ஒரு நாடு இயந்திரங்களுக்குத் தடை போட்டால் நான் அதைக் குறை கூற மாட்டேன். அந்தத் தடையால் எது அளக்கப்படுகிறது, எது மிச்சமாகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

கிரிப்டோவின் எதிர்காலம் தடையால் முடிவாகும் என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டும். 2021-ல் உலகின் மிகப் பெரிய தடைக்குப் பின் விலை ஏறியது. 2022-ல் எந்தப் பெரிய தடையும் இல்லாமலே பிட்காயின் 17,000 டாலருக்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் டெர்ரா என்ற நாணயமும், நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்ற பெரிய எக்ஸ்சேஞ்சும் சரிந்தன. வாடிக்கையாளர் பணத்தை வாசற்காரனே எடுத்துக்கொண்டதுதான் எஃப்.டி.எக்ஸ். கதை. மறுபுறம், எல் சால்வடார் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படியான செலாவணியாக்கிப் பார்த்தது. 2025 ஜனவரியில், கடைக்காரர்கள் அதை ஏற்றே தீர வேண்டும் என்ற விதியை நீக்கிவிட்டது. தடையால் அது சாகவில்லை. சட்டத்தின் தயவால் பணமாகவும் ஆகிவிடவில்லை.

ஆகவே நம் அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது வாசலுக்கு ஒரு சட்டம். வாடிக்கையாளரின் நாணயம் கம்பெனியின் நாணயத்தோடு கலக்கக் கூடாது. சொன்ன அளவு கையிருப்பு இருக்கிறதா என்று வெளியார் தணிக்கை செய்ய வேண்டும். புகார் கொடுக்க மாவட்டத் தலைநகரில் ஓரிடம் வேண்டும். "இரட்டிப்பாகும்" என்று விளம்பரம் செய்பவன் பதில் சொல்லக் கடமைப்பட வேண்டும். இவற்றைச் செய்த பிறகும், வேண்டாம் என்று நாடாளுமன்றம் தீர்மானித்தால், தடை செய்யட்டும். ஆனால் சிறு தொகைக்காரர்கள் நியாயமான விலையில் வெளியேற வழி வைத்துவிட்டுச் செய்யட்டும்.

அன்று பஸ்ஸில் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. "தடை பண்ணினாலும் எண் அழியாதுப்பா" என்றேன். "அந்த ரகசிய எண் உன்கிட்ட இருக்கா?"

"இல்ல சார். ஆப்புல இருக்கு."

"அந்தக் கம்பெனி ஆபீஸ் எந்த ஊர்ல இருக்கு?"

அவன் செல்போனை எடுத்துத் தேடினான். மயிலம் கூட்டு ரோடு தாண்டி, விக்கிரவாண்டி டோல்கேட் வரும் வரை தேடினான். மின்னஞ்சல் முகவரி ஒன்று கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை. தடை வருமா என்று கவலைப்பட்ட அந்தப் பையனிடம், தடை வராவிட்டாலும் நம்பிப் போக ஒரு முகவரி இல்லை. அதைத்தான் நம் சட்டம் முதலில் கேட்டு வாங்க வேண்டும். சட்டம் வரும் வரை, பணம் போடுகிறவர்கள் தாங்களே கேட்டுக்கொள்ளட்டும்.